வடசென்னையும் எடைக்குறைப்புச் செயலிகளும்: இணங்கவைக்கும் வடிவமைப்பின் வரலாறு

இணங்கவைக்கும் வடிவமைப்பு என்பது, ஒருவரை வற்புறுத்தாமலும் ஏமாற்றாமலும் அவரது பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் துணைபுரியும் வகையில் ஒரு கருவியையோ மென்பொருளையோ அமைக்கும் முறை ஆகும். உடல் எடையைக் குறைக்க உதவும் கைபேசிச் செயலிகள் இம்முறைக்கு இன்று பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. நடந்த அடிகளை எண்ணுதல், உண்டதைப் பதிவு செய்யச் சொல்லுதல், உரிய நேரத்தில் நினைவூட்டுதல், இலக்கை எட்டினால் பாராட்டுதல் ஆகியவை இவற்றின் பொதுவான வேலைகள்.

இச்செயலிகள் வெளிநாட்டில் தோன்றி நம்மிடம் வந்தவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மென்பொருளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையே. ஆனால், தொலைவில் இருந்தபடியே ஒருவரது உணவையும் நடையையும் மாற்ற முடியுமா என்ற கேள்வியை முறையாகச் சோதித்த முன்னோடி ஆய்வுகளுள் சில சென்னையில் நடந்தவை. அவற்றின் தொடக்கம் துறைமுகத்தை அடுத்த இராயபுரத்தில் இருக்கிறது.

உழைக்கும் உடல் மாறிய விதம்

தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் 1856-இல் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. துறைமுகமும் இரயிலும் சேர்ந்து வடசென்னையைச் சுமை ஏற்றி இறக்கும் ஊராக ஆக்கின. விடுதலைக்குப் பின் எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு எனத் தொழிற்சாலைகள் வந்தன. எண்ணூரில் அனல்மின் நிலையமும், 2001 முதல் இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் இரண்டாவது துறைமுகமும் இயங்கத் தொடங்கின.

இந்தத் தொழில்களில் உடலுழைப்பின் பங்கு நாளடைவில் குறைந்தது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப்பெட்டக முனையம் செயல்படத் தொடங்கியது. முன்பு பல தோள்கள் சுமந்த சரக்கை, பெட்டகத்தில் அடைத்தபடியே பாரந்தூக்கி எடுத்து லாரியில் வைத்தது. சுமை தூக்கியவரின் பிள்ளை பாரந்தூக்கியின் இருக்கையிலோ, லாரியின் ஓட்டுநர் இருக்கையிலோ, கிடங்குக் கணினியின் முன்னோ அமர்ந்தார். தட்டில் விழும் சோற்றின் அளவோ அந்த வேகத்தில் குறையவில்லை. உழைப்பு குறைந்து உணவு குறையாதபோது மிஞ்சும் ஆற்றல் கொழுப்பாகச் சேர்கிறது. இந்தியர்களுக்கு அது பெரும்பாலும் வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது.

இதனால்தான் இந்தியர்களுக்கான எடை வரம்பும் மாற்றப்பட்டது. உலக அளவில் உடல் நிறைச் சுட்டெண் 25-ஐத் தாண்டினால் அதிக எடை என்றும், 30-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்றும் கொள்வது வழக்கம். 2009-இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் ஒப்புக்கொண்ட வழிகாட்டுதலில் இவை முறையே 23, 25 எனக் குறைக்கப்பட்டன. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என வரம்பு வைக்கப்பட்டது. மேலைநாட்டு அளவில் பார்த்தால் ஒல்லியானவராகத் தோன்றும் ஒருவர், இந்திய அளவில் நீரிழிவின் வாசலில் நிற்கக்கூடும்.

இராயபுரத்தில் ஒரு தொடக்கம்

இந்திய நீரிழிவு மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரான மருத்துவர் எம். விசுவநாதன் 1954-இல் இராயபுரத்தில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். 1971-இல் அது நீரிழிவுக்கென்றே தனித்த மருத்துவமனையாக மாறியது. அதனுடன் இணைந்த நீரிழிவு ஆராய்ச்சி மையம் பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையங்களுள் ஒன்றானது.

நீரிழிவு, மருத்துவரைவிட நோயாளி அதிகம் வேலை செய்ய வேண்டிய நோய். மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள். நோயாளி தன் தட்டைப் பார்ப்பதோ நாள்தோறும் மூன்று வேளை. இடைப்பட்ட நாட்களில் மருத்துவரின் சொல்லை நோயாளியின் வீட்டுக்குள் கொண்டுசெல்வது எப்படி என்பதே இத்துறையின் நெடுநாள் சிக்கல்.

விசுவநாதனும் அவருடன் பணியாற்றியவர்களும் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவுமுறையை வலியுறுத்தினர். சோற்றை அடியோடு விடச் சொல்லாமல், முழுத்தானியம், பயறு, காய்கறி ஆகியவற்றைக் கூட்டி, எண்ணெயைக் குறைக்கச் சொல்லும் முறை அது. பின்பற்ற முடியாத அறிவுரையால் பயனில்லை என்ற எளிய உண்மை இதில் அடங்கியிருக்கிறது. பிற்காலத்தில் செயலி வடிவமைப்பாளர்கள் ‘எளிமையாக்கல்’ என்று பெயரிட்டதும் இதைத்தான்.

மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு

நீரிழிவு வருமுன் அதைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு 1997-இல் சீனாவிலும், 2001-இல் பின்லாந்திலும், 2002-இல் அமெரிக்காவிலும் வெளியான ஆய்வுகள் ‘முடியும்’ என்று விடையளித்தன. 3,234 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைத்தல், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இலக்குகளால் நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. ஆனால் அதற்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே 16 பாடங்கள் நடத்தப்பட்டன. அத்தனை பயிற்றுநர்களுக்கு இந்தியா எங்கே போவது?

இராயபுரம் மையத்தில் பணியாற்றிய மருத்துவர் ஏ. இராமச்சந்திரன், உயிர்வேதியியலாளர் சி. சினேகலதா உள்ளிட்டோர் இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்ற ஆய்வை நடத்தினர். முடிவுகள் 2006-இல் வெளியாயின. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதல் குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாம் குழுவுக்கு உணவு, நடைப்பயிற்சி பற்றிய தொடர் வழிகாட்டுதல். மூன்றாம் குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் குழுவுக்கு வழிகாட்டுதல், மாத்திரை இரண்டும்.

வழிகாட்டுதல் மிக எளிமையாக இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் சந்திப்பு, இடையே மாதந்தோறும் தொலைபேசி உரையாடல். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே உடலுழைப்பில் இருப்பவர், நடந்தோ மிதிவண்டியிலோ போதிய அளவு செல்பவர் அதையே தொடரலாம். அவருக்குப் புதிய சுமை எதுவும் ஏற்றப்படவில்லை.

மூன்று ஆண்டுகளில் முதல் குழுவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. வழிகாட்டுதல் பெற்ற குழுவில் அது 39.3 விழுக்காடு. மாத்திரை பெற்ற குழுவிலும் (40.5), இரண்டும் பெற்ற குழுவிலும் (39.5) ஏறத்தாழ அதே அளவுதான். மாதம் ஒருமுறை ஒருவர் அழைத்து விசாரித்தது மாத்திரைக்கு ஈடாக வேலை செய்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. வழிகாட்டுதல் பெற்றவர்களின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எடைப்பொறியில் மாற்றம் தெரியாமலேயே நோயின் வருகை தள்ளிப்போனது. எடை ஒன்றையே வெற்றியின் அளவுகோலாகக் கொண்டிருந்தால் அவர்களுள் பலர் தோற்றவர்களாகவே எண்ணப்பட்டிருப்பார்கள்.

160 எழுத்துகளில் ஒரு மருத்துவர்

2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தொழிலாளர்களின் சட்டைப் பையிலும் கைபேசி இடம்பிடித்தது. அப்போது எழும்பூரில் இயங்கிய இந்திய நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை வழியாக, இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஒத்துழைப்புடன், இராமச்சந்திரன் குழுவினர் அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டனர். மாதாந்திர அழைப்பின் இடத்தில் குறுஞ்செய்தியை வைத்தால் என்ன ஆகும்?

நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த, பணிக்குச் செல்லும் ஆண்கள் 537 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். அனைவருக்கும் தொடக்கத்தில் ஒரே அறிவுரை வழங்கப்பட்டது. அதன்பின் 271 பேருக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. 2013-இல் வெளியான முடிவின்படி, செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கு வந்தது. அதாவது 11 பேருக்கு இரண்டு ஆண்டுகள் செய்தி அனுப்பினால் ஒருவரை அக்காலத்தில் நீரிழிவிலிருந்து காக்க முடிந்தது.

அனைவருக்கும் ஒரே செய்தி செல்லவில்லை என்பது இந்த ஆய்வின் உயிர்நாடி. மாற்றத்தின் படிநிலைகள் என்ற உளவியல் கோட்பாட்டை ஒட்டிச் செய்திகள் எழுதப்பட்டன. மாறும் எண்ணமே இல்லாதவர், யோசிப்பவர், தயாராகிறவர், செய்யத் தொடங்கியவர், தொடர்ந்து செய்கிறவர் எனப் பழக்கமாற்றத்தில் மனிதர் பல படிகளில் நிற்கிறார்கள் என்பது அக்கோட்பாடு. யோசித்துக்கொண்டிருப்பவருக்குக் காரணங்கள் தேவை. செய்யத் தொடங்கியவருக்கு ஊக்கம் தேவை. இடம் மாறிப்போன அறிவுரை எரிச்சலையே தரும். வகுப்பில் எல்லா மாணவருக்கும் ஒரே வீட்டுப்பாடம் கொடுத்த ஆசிரியர் எவருக்கும் இது புரியும்.

இதே முறை பின்னர் இந்தியா, பிரிட்டன் ஆகிய இரு நாடுகளில் 2,062 பேரிடம் இரண்டு ஆண்டுகள் சோதிக்கப்பட்டது. 2020-இல் வெளியான அதன் முடிவில், நீரிழிவு வருவதில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. ஒரு காலத்தில், ஒரு குழுவிடம் பலித்தது எங்கும் பலிக்கும் என்று கொள்ள முடியாது. கைபேசிக்கு நாளொன்றுக்கு ஓரிரு செய்தி வந்த காலத்தில் மருத்துவச் செய்திக்கு இருந்த மதிப்பு, விளம்பரமும் வாழ்த்துமாகச் செய்திகள் குவியும் காலத்தில் இருக்குமா என்பதும் எண்ணிப்பார்க்கத்தக்கது.

செயலிகள் எப்படி இணங்கவைக்கின்றன?

செயலிகளின் கூறுகள் பலவும் கணினிக்கு முந்தியவை. 1963-இல் நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் தொடங்கிய வெயிட் வாட்சர்ஸ் அமைப்பு, எடை குறைக்க விரும்புவோரை வாரந்தோறும் ஒன்றுகூட்டியது. 1965-இல் ஜப்பானில் ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் பெயருடன் இடுப்பில் அணியும் நடையெண்ணி விற்பனைக்கு வந்தது. இன்று செயலிகள் வைக்கும் பத்தாயிரம் அடி இலக்கு அந்த விற்பனைப் பெயரிலிருந்து வந்ததே. மருத்துவ ஆய்வில் பிறந்த எண் அன்று. மூத்த பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 அடிகள் நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைவாகக் காணப்பட்டது. 7,500 அடிகளுக்குமேல் கூடுதல் பயன் தெரியவில்லை.

இவற்றுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களுள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பி. ஜே. ஃபாக் முக்கியமானவர். விருப்பம், இயலுமை, தூண்டுதல் ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் கூடினால்தான் ஒரு செயல் நிகழும் என்பது 2009-இல் அவர் முன்வைத்த கருத்து. அதே ஆண்டில் பின்லாந்து ஆய்வாளர்கள் ஓய்னாஸ்-குக்கோனன், ஹர்யுமா இருவரும் இணங்கவைக்கும் வடிவமைப்புக்கு 28 நெறிகளை வகுத்தனர். அவை நான்கு வகைப்படும்.

முதல் வகை, செயலை எளிதாக்குவது. உண்டதைப் பதிவு செய்தல், முன்னேற்றத்தை வரைபடமாகக் காட்டுதல் முதலியன இதில் அடங்கும். இரண்டாவது, உரையாடல்: நினைவூட்டல், பாராட்டு, பரிசு. மூன்றாவது, நம்பகத்தன்மை: தகவல் யாரிடமிருந்து வருகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லுதல். நான்காவது, சமூகத் துணை: பிறருடன் சேர்ந்து செய்தல், ஒப்பிடுதல், போட்டியிடுதல்.

இவற்றுள் தன்பதிவுக்குச் சான்று வலுவாக உள்ளது. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ 1,700 பேரில், நாள்தோறும் உணவுக் குறிப்பு எழுதியவர்கள் எழுதாதவர்களைப்போல் இருமடங்கு எடை குறைத்திருந்தனர். எழுதும்போது, அறியாமல் வாயில் போட்டதெல்லாம் அறிந்த கணக்காகிறது. இந்திய உணவுகளுக்கான கணக்கைச் செயலியில் கொண்டுவரும் முயற்சியில் 2012-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஹெல்த்திஃபைமீ குறிப்பிடத்தக்கது.

ஈடுபாடு வேறு, உடல்நலம் வேறு

செயலி நிறுவனங்கள் ‘ஈடுபாடு’ என்ற அளவை உன்னிப்பாகக் கவனிக்கின்றன. ஒருவர் செயலியை எத்தனை முறை திறந்தார், எத்தனை நாள் விடாமல் வந்தார் என்பதே அது. விளம்பரத்திலோ சந்தாவிலோ நடக்கும் நிறுவனத்துக்கு இது வருவாய்க் கணக்கு. பயனருக்கு அது வழி மட்டுமே.

இரண்டும் பிரியும் இடங்களை ஆய்வுகள் காட்டியுள்ளன. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சல்சில் 212 நோயாளிகளிடம் மைஃபிட்னஸ்பால் செயலி சோதிக்கப்பட்டது. ஆறு மாத முடிவில் செயலி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதல் மாதத்துக்குப் பின் செயலியைத் திறப்பதே வெகுவாகக் குறைந்துவிட்டது. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில் இளைஞர்கள் 471 பேர் பங்கேற்றனர். இரண்டு ஆண்டு முடிவில், வழக்கமான வழிகாட்டுதலுடன் தம் பதிவைத் தாமே வைத்துக்கொண்டவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைத்தார்கள். உடலில் அணியும் கருவி பெற்றவர்கள் 3.5 கிலோதான் குறைத்தார்கள்.

தொடர் நாள் கணக்கு என்ற உத்தியும் இருமுனைக் கத்தி. நாற்பது நாள் விடாமல் நடந்தவருக்கு அந்த எண் ஊக்கம் தரும். நாற்பத்தொன்றாம் நாள் காய்ச்சலில் படுத்தால் கணக்கு பூச்சியமாகும். உடல் பெற்ற பயன் எங்கும் போய்விடவில்லை. ஆனால் திரை எல்லாம் போய்விட்டதாகச் சொல்கிறது. பலர் கைவிடும் இடம் அதுவே. ஒரு நாள் தவறினாலும் மீண்டும் சேர்த்துக்கொள்ளும் வடிவமைப்பே நெடுநாள் நோய்க்குப் பொருந்தும்.

வடசென்னைக்கு ஏற்ற வடிவமைப்பு

ஃபாக் சொன்ன மூன்றில் ‘இயலுமை’ என்பதை எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் புரியும். சரக்குப்பெட்டக லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில், புழுதிக்கு நடுவே, ‘வெளியே சென்று அரைமணி நேரம் நடங்கள்’ என்ற அறிவிப்புக்கு என்ன பொருள்? விருப்பம் இருக்கிறது, தூண்டுதலும் வந்துவிட்டது, நடக்க இடம் இல்லை. இந்தக் குறையை எந்தச் செயலியாலும் நீக்க முடியாது. நடைமேடையும் பூங்காவும் தூய காற்றும்தான் நீக்க முடியும்.

நேரமும் அப்படியே. காலை ஆறு மணி நினைவூட்டல் அலுவலகம் செல்பவருக்கு ஏற்றது. இரவுப் பணி முடித்துத் திரும்பும் தொழிலாளிக்கு அது தூங்கப்போகும் வேளை. வாரம் மாறினால் பணிநேரம் மாறும் ஒருவருக்கு, நினைவூட்டலும் பணிநேரத்தோடு சேர்ந்து மாற வேண்டும்.

உணவுப் பட்டியலிலும் ஊர் தெரிய வேண்டும். காசிமேட்டு மீனைக் குழம்பாக்கினால் ஒரு கணக்கு, பொரித்தால் வேறொரு கணக்கு. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ வடசென்னையின் மாலை உணவு. பட்டியலில் தன் உணவு இல்லாவிட்டால் பயனர் கிட்டத்தட்டப் பொருந்தும் எதையாவது குறிப்பார், அல்லது குறிப்பதையே விட்டுவிடுவார். கிராம் கணக்கைவிடக் கரண்டி, கிண்ணம், தட்டு ஆகியவை பதிவை எளிதாக்கும். தமிழில் படிக்கவும், படிக்கச் சிரமப்படுவோர் காதால் கேட்கவும் வசதி இருத்தல் வேண்டும்.

மனிதத் தொடர்பும் இன்றியமையாதது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் களப்பணியாளர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். தொடர்ந்து மருந்து எடுப்போருக்கு மாத்திரை தருகிறார்கள். ‘போன வாரம் நடந்தீர்களா, அம்மா?’ என்று வாசலில் நின்று கேட்பவருக்குச் சொல்லும் பதிலும், திரையில் தட்டும் பதிலும் ஒன்றல்ல. கேட்பவர் கையில் நல்ல பதிவுக் கருவி இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

ஏன் இது முக்கியம்?

2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் சுமார் 10.1 கோடி, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்போர் சுமார் 13.6 கோடி. இந்த 13.6 கோடிப் பேரே தடுப்பு முயற்சிக்கு உரியவர்கள். நாள்கூலியிலோ ஒப்பந்தப் பணியிலோ வாழும் குடும்பத்தில் நீரிழிவு என்பது மருந்துச் செலவோடு நிற்பதில்லை. ஆறாத கால்புண் ஒன்று வேலையைப் பறிக்கும். வேலை போனால் பிள்ளையின் படிப்பு தடைபடும்.

எடைக்குறைப்புச் செயலியைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். என் உணவும் என் பணிநேரமும் இதற்குத் தெரியுமா? எடையைத் தவிர இடுப்பளவு, நடை, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றையும் இது கணக்கில் கொள்கிறதா? ஒரு வாரம் விட்டுப்போனால் மீண்டும் என்னை எப்படிச் சேர்த்துக்கொள்கிறது? என் உடல் பற்றிய தகவல் யாருக்குச் செல்கிறது? நான் நலமடைந்த பின் இது என்னை விட்டுவிடுமா, பிடித்துவைக்கப் பார்க்குமா?

இராயபுரத்து ஆய்வில் பங்கேற்றவர்களுக்குப் பதக்கமோ புள்ளியோ வழங்கப்படவில்லை. மாதம் ஒருமுறை தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் அவர்களின் உணவையும் நடையையும் பற்றி விசாரிக்க ஒருவர் இருந்தார்.